மருத்துவச் சங்கத் தலைவர் விடைபெறும்போது: கோப்பு ஒப்படைப்பு முதல் மேடைப் பேச்சு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் எந்த ஸ்பெஷாலிட்டி சங்கத்தின் பதவியேற்பு விழாவுக்குப் போனாலும் நிகழ்ச்சி நிரல் கிட்டத்தட்ட ஒன்றுதான். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, செயலாளரின் ஆண்டறிக்கை, பொருளாளரின் கணக்கு. அப்புறம் விடைபெறும் தலைவர் பேசுவார். தன் கழுத்தில் இருக்கும் பதக்கச் சங்கிலியைக் கழற்றிப் புதியவர் கழுத்தில் போடுவார். போட்டோ, டின்னர், எல்லோரும் வீட்டுக்கு. விழாவுக்கு முந்தின இரவு, கிளினிக் முடிந்து வந்து, அவசரமாக ஒரு நன்றிப் பட்டியல் எழுதிக்கொள்ளும் தலைவர்கள்தான் அதிகம். ஆண்டு முழுக்கத் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைச் சங்கத்துக்குக் கொடுத்தவர்கள் கடைசியில் இப்படி அரைகுறையாக விடைபெறுவதை, பல செயற்குழுக்களில் இருந்து பார்த்தபோதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருந்திருக்கிறது.

நைட் டியூட்டி முடித்துக் கிளம்பும் டாக்டர் வார்டை எப்படி ஒப்படைப்பார் என்று நமக்கெல்லாம் தெரியும். "மூணாம் பெட் பொட்டாசியம் ரிசல்ட் வரணும், ஏழாம் பெட்டுக்கு ரத்தம் கேட்டிருக்கு, இன்னும் வரல." ராத்திரி நன்றாக நடந்ததை அவர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். பாக்கி என்ன, யாரைக் கவனிக்கணும் என்பதுதான் பேச்சு. சங்கத் தலைவர் விடைபெறுவதும் இந்த ஒழுங்கில் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

முதல் படி: மூன்று மாதம் முன்பே பாக்கிப் பட்டியல்

பதவிக்காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது ஒரு மாலை செயலாளரோடும் பொருளாளரோடும் உட்காருங்கள். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: முடிந்தது, நடக்கிறது, தொடங்கவே இல்லை. மூன்றாவது வகையைப் பார்த்து மனம் சோர வேண்டாம். எந்தச் சங்கத்திலும் அது இருக்கும். கைவசம் இருக்கும் நாட்களில் முடிக்கக்கூடியவை இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதற்குக் காரணத்தோடு ஒரு வரி எழுதி வையுங்கள். புதிய திட்டம் எதையும் இந்த மூன்று மாதத்தில் அறிவிக்காதீர்கள். அடுத்தவர் தலையில் அது கடனாக விழும்.

இந்தப் பட்டியலில் அதிகம் விடுபடுவது சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) கிரெடிட். உங்கள் ஆண்டில் நடந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் கிரெடிட் ஹவர் கிடைத்ததா, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சான்றிதழ் போனதா என்று பாருங்கள். தன் மருத்துவப் பதிவைப் புதுப்பிக்கப் போகிற உறுப்பினருக்கு அந்தத் தாள் அப்போதுதான் தேவைப்படும். அவர் கேட்கும்போது நீங்கள் பதவியில் இருக்க மாட்டீர்கள். புதிய செயலாளருக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

அரசிடம் கொடுத்த மனுக்களுக்குத் தனியாக ஒரு தாள் வேண்டும். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியில் இருக்கும்போதே கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அதைச் சரியாக நடைமுறைப்படுத்தச் சொல்லி உங்கள் சங்கம் மனு கொடுத்திருந்தால், எந்தத் தேதியில், எந்த அதிகாரியிடம், ஒப்புதல் முத்திரை எங்கே, கடைசியாக யாரிடம் பேசினீர்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மனு கொடுத்த போட்டோ வாட்ஸ்அப்பில் கிடைக்கும். அதன் நகல் பல சங்கங்களில் கிடைக்காது.

இரண்டாம் படி: பீரோவும் பாஸ்வேர்டும்

சங்க அலுவலகத்து ஸ்டீல் பீரோவை மேனேஜரை வைத்துக்கொண்டு ஒருமுறை முழுக்கத் திறந்து பாருங்கள். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், பான் அட்டை, மினிட்ஸ் புத்தகங்கள், ரப்பர் ஸ்டாம்பு, லெட்டர்ஹெட், காசோலைப் புத்தகம், எஃப்.டி. ரசீதுகள், பதக்கச் சங்கிலி, பழைய சுழற்கோப்பைகள். எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இது ஒரு மணி நேர வேலை.

பீரோவில் இல்லாத சொத்துதான் இப்போது அதிகம். இணையதளப் பெயர் யாருடைய தனிப்பட்ட ஜிமெயிலில் பதிவாகியிருக்கிறது? வருமான வரித் தளத்தின் ஓ.டி.பி. யாருடைய செல்போனுக்குப் போகிறது? ஆன்லைன் கூட்டக் கணக்கு யாருடைய கிரெடிட் கார்டில் மாதாமாதம் கழிகிறது? ஒரு சங்கத்தில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். மாநாட்டுக்கான பதிவுத் தளம் திறக்க வேண்டிய வாரத்தில் இணையதளம் முடங்கிவிட்டது. புதுப்பிக்கச் சொன்ன மின்னஞ்சல்கள் எல்லாம், இரண்டு தலைவர்களுக்கு முன்பு வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஒருவரின் பெட்டியில் படிக்கப்படாமல் கிடந்தன. இரவு பன்னிரண்டுக்கு அங்கே அவரை எழுப்பி, "சார், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்ல முடியுமா?" என்று மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கு வழி எளிது. சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல், சங்கத்துக்கென்று ஒரு சிம் கார்டு, அந்த செல்போன் அலுவலகத்தில் இருக்க வேண்டும். எல்லாக் கணக்குகளையும் அந்த இரண்டுக்கும் மாற்றிவிட்டுப் போங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். புதியவர் தன் பெயரில் வாங்கியே ஆக வேண்டும். உங்களுடையதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவது தவறு.

வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பையும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: நினைவு அறக்கட்டளைகள்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

சென்னையின் மருத்துவச் சங்கங்களில் பாதிக்கு மேற்பட்ட சொற்பொழிவுகளும் தங்கப் பதக்கங்களும் யாரோ ஒருவரின் நினைவில் நிற்பவை என்றே சொல்லலாம். ஆசிரியர் ஒருவர் காலமாகிறார். அவருடைய மாணவர்களோ குடும்பமோ ஒரு தொகையைக் கொடுத்து, வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஓர் ஓரேஷன் (நினைவுச் சொற்பொழிவு) நடத்தச் சொல்கிறார்கள், அல்லது ஒரு பதக்கம் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கும்போது ஒரு கடிதம் எழுதுகிறார்கள்: முதுநிலை மாணவருக்கே கொடுக்க வேண்டும், ஆய்வுக் கட்டுரைக்கே கொடுக்க வேண்டும், இன்ன மாதத்தில் நடக்க வேண்டும். சில ஆண்டுகளில் தொகை மற்ற எஃப்.டி.களோடு கலந்துவிடும். கடிதம் எங்கோ போய்விடும். வட்டி விகிதம் குறைந்து பதக்கத்துக்கே பணம் போதாது. தங்கம் விற்கிற விலையில் பதக்கம் தங்கமுலாம் ஆகிவிடும், யாரும் குடும்பத்திடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விடைபெறுவதற்கு முன் ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் ஒரு பக்கம் திறவுங்கள். கொடுத்தவர் யார், எந்த ஆண்டு, எவ்வளவு, நிபந்தனை என்ன, பணம் இப்போது எந்த ரசீதில் இருக்கிறது, கடந்த ஆண்டு பதக்கம் யாருக்குப் போனது, குடும்பத்தில் இப்போது யாரோடு பேச வேண்டும். பிறகு போனை எடுத்து அந்தக் குடும்பத்தோடு நீங்களே பேசுங்கள்.

"அம்மா, நான் சங்கத் தலைவர் பேசறேன். உங்க அப்பா பேர்ல நடக்கிற ஓரேஷன் இந்த வருஷமும் நடந்துது. அடுத்த மாசம் புதுத் தலைவர் வர்றார். அவர் நம்பரை உங்களுக்கு அனுப்பறேன். வட்டி குறைஞ்சுபோச்சு, அதனால பதக்கத்துக்குப் பதிலா புத்தகத் தொகையா கொடுக்கலாமான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்."

"கேட்டீங்களே, அதுவே போதும் டாக்டர். அப்பாவுக்குப் புத்தகம்னா உயிர்."

பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். குடும்பங்கள் பணத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பெயரை மறந்துவிட்டார்களோ என்றுதான் கவலைப்படுகிறார்கள்.

நான்காம் படி: கணக்கும் பதிவாளரும்

உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவானது என்றால், செயற்குழு உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. புதிய நிர்வாகிகள் வந்ததும் அந்த மாற்றத்தைப் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பொதுக்குழு அழைப்பு, அது உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டதற்கான சான்று, வருகைக் கையெழுத்து, தேர்தல் முடிவைப் பதிவு செய்த தீர்மானம் ஆகியவை இல்லாமல் அந்த வேலை நகராது. இவற்றை உருவாக்கித் தரவேண்டியவர் புதியவர் அல்ல, நீங்கள்தான். பழைய ஆண்டுகளில் யாராவது தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் இப்போது வரிசையாகச் சிக்கல் வரும். அதை மூன்று மாதம் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கிக்குக் கையெழுத்து மாற்றத் தீர்மான நகலும் புதியவர்களின் கே.ஒய்.சி. ஆவணங்களும் போக வேண்டும். மாற்றம் நடக்கும்வரை பழைய கையெழுத்துத்தான் செல்லும். ஆகவே அலுவலகப் பணியாளரின் சம்பளம், மின்கட்டணம், மண்டப வாடகை ஆகியவற்றை முன்கூட்டியே தீர்த்துவையுங்கள். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. உங்கள் பதவிக்காலம் நடுவில் முடிந்தால், அன்றைய தேதி வரைக்கும் தனி வரவு செலவுக் கணக்கு எடுத்து நீங்கள், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டு வையுங்கள். மண்டபத்துக்கும் ஒலி அமைப்புக்கும் கொடுத்த பணத்தில் பிடித்தம் செய்த டி.டி.எஸ். கட்டப்பட்டதா, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் எப்போது முடிகின்றன என்பவை புதியவருக்குக் கொடுக்கும் ஒப்படைப்புக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மாநாட்டு உபரி பற்றி ஒரு வார்த்தை. மாநாடு நன்றாக நடந்து பணம் மிஞ்சினால், அமைப்புக் குழு அதைத் தனிக் கணக்கில் வைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் காலத்து மாநாட்டின் கணக்கை நீங்கள் இருக்கும்போதே மூடுங்கள்.

ஐந்தாம் படி: புதிய தலைவரோடு ஒரு மாலை

கோப்புகளில் எழுத முடியாதவை சில உண்டு. இரண்டு மூத்தவர்களுக்கு நடுவில் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு துணைக்குழுவில் வேலை செய்வது ஒருவர் மட்டுமே. மேனேஜருக்கு மூன்று ஆண்டாகச் சம்பளம் உயரவில்லை. இதையெல்லாம் விழாவுக்கு முன் நேரில் சந்தித்து, காபியோடு, ஆற அமரப் பேசுங்கள். ஆனால் ஆட்களைப் பற்றிப் பேசும்போது நடந்ததை மட்டும் சொல்லுங்கள், உங்கள் தீர்ப்பைச் சொல்லாதீர்கள். உங்களுக்கு ஆகாதவரிடம் அவருக்கு நல்ல ஒத்துழைப்புக் கிடைக்கலாம்.

ஆறாம் படி: பேச்சு

ஏழு நிமிடம். நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்தால் எழுநூறு சொல். கூட்டம் ஏழு மணிக்கு என்று அச்சடித்தால் ஏழே முக்காலுக்குத்தான் தொடங்கும். உங்கள் முறை வரும்போது டின்னர் வாசனை மண்டபத்துக்குள் வந்திருக்கும். ஏழு நிமிடத்துக்கு மேல் யாராலும் கேட்க முடியாது.

வரலாற்றில் தொடங்க வேண்டாம். 1664-இல் கோட்டைக்குள் தொடங்கிய ஜி.எச். (அரசுப் பொது மருத்துவமனை), 1835-இல் பிறந்த மருத்துவக் கல்லூரி என்று ஆரம்பிக்கும் பேச்சுகளை இந்த ஊர் நிறையக் கேட்டிருக்கிறது. நம் பெருமைகள் உண்மையானவை. ஆனால் அன்றைக்கு உறுப்பினர்கள் அறிய வருவது இந்த ஓராண்டைப் பற்றி.

வரிசை இப்படி இருந்தால் போதும்: மறைந்தவர்கள், முடிந்ததில் ஒன்று, முடியாதவை, நன்றி, புதியவர்.

மறைந்த உறுப்பினர்களின் பெயர்களை முதலில் சொல்லுங்கள். இன்ஷியல் உட்பட சரியாக, நிறுத்தி நிறுத்தி. குடும்பத்தார் வந்திருந்தால் முன்வரிசையில் உட்கார வையுங்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தடுத்தது இதே சென்னையில்தான். சக மருத்துவரின் பெயரை மரியாதையோடு உரக்கச் சொல்வதற்குச் சங்கத்தை விட்டால் வேறு மேடை எது?

முடிந்ததில் ஒன்றே ஒன்றை எடுத்து விரிவாகச் சொல்லுங்கள். எத்தனை சி.எம்.இ., எத்தனை முகாம் என்பதெல்லாம் செயலாளர் அறிக்கையில் ஏற்கெனவே வந்திருக்கும். திரும்பச் சொன்னால் செயலாளரின் உழைப்பை நீங்கள் எடுத்துக்கொண்டது போல ஆகும்.

முடியாதவற்றைச் சொல்லும் பகுதிதான் பேச்சின் உயிர். அதைச் சொன்னால் மதிப்பு குறைந்துவிடும் என்று தலைவர்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை அந்த இடத்தில்தான் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். மாதிரிக்கு ஒன்று:

"மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கும் நம் இளம் உறுப்பினர்களுக்கு மாதம் ஒரு ஆன்லைன் வகுப்பு நடத்துவோம் என்று பதவியேற்ற அன்று சொன்னேன். நான்கு மாதம் நடந்தது, பிறகு நின்றுவிட்டது. பேச்சாளர்கள் கிடைத்தார்கள். வகுப்பு வைத்த நேரம் அவர்களுடைய வார்டு ரவுண்ட்ஸ் நேரம் என்பதை யாரும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவர்கள் கேட்பது இரவு ஒன்பது மணி. பாடத்திட்டம் தயாராக இருக்கிறது, புதிய தலைவரிடம் கொடுத்துவிட்டேன். நடத்த மூன்று பேர் வேண்டும். இன்று இரவே பெயர் கொடுங்கள்."

குறை, காரணம், கையில் இருப்பது, தேவைப்படுவது. யார் மீதும் பழி இல்லை, மன்னிப்புக் கோரும் புலம்பலும் இல்லை.

நன்றி சொல்லும்போது மேலிருந்து தொடங்காமல் கீழிருந்து தொடங்குங்கள். அலுவலக மேனேஜர், பேட்ஜ் அச்சடித்துக் கொடுத்தவர், ஒலிபெருக்கி அமைத்தவர், ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு நாற்காலி அடுக்கியவர். நம் சங்கங்களில் மேடைப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். இந்த இடத்தையாவது தமிழில் சொல்லுங்கள், அவர்களுக்கு நேராகப் போய்ச் சேரும். "எல்லா ஊழியர்களுக்கும் நன்றி" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வது யாரையும் சேராது. "மழை கொட்டின அந்த சனிக்கிழமை, முழங்கால் தண்ணியில புரொஜெக்டரைத் தலையில வச்சுக் கொண்டு வந்தவர் இவர்" என்று சொல்லி அவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். கைதட்டல் தானாக வரும்.

குடும்பத்துக்கு ஒரு வரி போதும், ஆனால் உண்மையான வரியாக இருக்க வேண்டும்.

ஏழாம் படி: தேதி, பரிசு, மேடை

தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, கிண்டியிலிருந்து குரோம்பேட்டை போய்ச் சேரவும் முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் இந்த ஊரை என்ன செய்தன என்று நமக்குத் தெரியும். அந்த மாதங்களில்தான் விழா என்றால் மாற்றுத் தேதியை மண்டபத்தோடு முன்பே பேசி வையுங்கள்.

நினைவுப் பரிசு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மருந்து நிறுவனங்களிடமிருந்து மருத்துவர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளில் 2009-இல் திருத்தம் வந்தது. மருத்துவர்களுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ நிறுவனங்கள் பரிசு தரக் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்து விற்பனை நெறிமுறையும் சொல்லிவிட்டது. உங்களுக்குத் தரப்போகும் வெள்ளிக் குத்துவிளக்கை யாரோ ஸ்பான்சர் செய்திருக்கிறார் என்று தெரிந்தால் முன்பே நிறுத்துங்கள். சங்கப் பணத்திலிருந்து ஒரு பொன்னாடையும் ஒரு சான்றும் போதும்.

சங்கிலியை மாற்றும்போது கொக்கி மாட்டாமல் திண்டாடுவதை எல்லா விழாவிலும் பார்க்கலாம். மாலையில் ஒருமுறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். மாற்றியதும் மைக்கைப் புதியவரிடம் கொடுத்துவிட்டு இறங்கி அரங்கத்தில் உட்காருங்கள். அவர் பேசி முடிக்கும்வரை கைகுலுக்கவும் செல்ஃபி எடுக்கவும் வருபவர்களைத் தள்ளிவையுங்கள்.

எட்டாம் படி: மறுநாள் முதல்

இனி நீங்கள் முன்னாள் தலைவர், பெரும்பாலான சங்கங்களில் இன்னும் ஓராண்டு செயற்குழுவில் இருப்பீர்கள். உறுப்பினர்கள் பழக்கத்தில் உங்களையே கூப்பிடுவார்கள். "சான்றிதழ் வரல சார்" என்றால், "உங்க செய்தியைத் தலைவருக்கு அனுப்பிட்டேன், அவரே பேசுவார்" என்று சொல்லி உடனே அனுப்பிவிடுங்கள். நீங்களே தீர்த்துவைத்தால் அந்த அழைப்புகள் நிற்கவே நிற்காது, புதியவருக்கும் சங்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போகும். செயற்குழுவில் உங்கள் காலத்து முடிவு ஒன்றை அவர் மாற்றினால், பின்னணியை ஒருமுறை விளக்குங்கள். வாக்கெடுப்பு முடிந்தபின் வாட்ஸ்அப்பில் அதைத் தொடர வேண்டாம்.

நாட்குறிப்பில் இரண்டு தேதிகளைக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து வங்கியில் கையெழுத்து மாறிவிட்டதா என்று பொருளாளரைக் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்துப் படிவம் 7 தாக்கலாகி ஒப்புகை வந்துவிட்டதா என்று செயலாளரைக் கேளுங்கள். வந்திருந்தால் அதன் நகல் ஒன்றை வாங்கி, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பட்டியலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.